கிருமியை வேகவைத்தவன்

ரொக்கவெர்தா,
1996 அக்டோபர் 13, ஞாயிறு

என் தங்கை ஒலிம்பியாவைக் கட்டிக்கொண்டு போன எத்தொரே மாப்பிள்ளைக்கு, சென்சோ எழுதுவது.

கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் தெல்ஃபினா அடுப்பை விட்டு எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவன் நான். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டதற்கு அப்புறம் பேனாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. உன்னால்தான் இந்தத் தண்டனை. போன் செய்தால் ஒலிம்பியா எடுக்கிறாள், நீ வெளியே போயிருக்கிறாய் என்கிறாள். போன ஞாயிறும் வெளியே, அதற்கு முந்தின ஞாயிறும் வெளியே. மாந்தோவா அவ்வளவு பெரிய ஊரா, இல்லை வீட்டுக்கு வழி தொலைத்துவிட்டாயா?

நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதை முடி வெட்டும் செக்கோந்தோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாதித் தலையில் சொன்னான். மீதித் தலை முடியும்வரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடையில் நான் சும்மா உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

தீவன மில்லில் வேலையாம். நல்லது. சமவெளி மாடுகளுக்கும் ஆன்மா உண்டு, போய் உபதேசம் செய். அங்கேயும் நீ இங்கே மாட்டுக்கென்று விற்ற அந்தப் பொடிதானே? "இதுக்குள்ள உயிர் இருக்கு மச்சான், கோடிக்கணக்கான உயிர்" என்று என் தொழுவத்தில் நின்று சொன்னாயே, இன்னும் காதில் இருக்கிறது. போனதற்கு முந்தின குளிர்காலம் முழுக்க எட்டுக் காளைக்கும் போட்டேன். ஒரு விரல் சதை கூடவில்லை, கழிச்சலும் நிற்கவில்லை. உன் கோடி உயிரும் வழியில் எங்கேயோ இறங்கி நடந்துவிட்டன போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் கொழுத்த எருதுச் சந்தை. நம் எருது கலாந்துக்கு இது கடைசி நடை. சந்தை முடிந்ததும் கசாப்புக்காரன் வண்டியில் ஏறிவிடுவான். ஒரு டன்னைத் தாண்டிவிட்டான், தொழுவக் கதவில் இடித்துக்கொண்டுதான் வெளியே வருகிறான். வலது கொம்புப் பக்கம் நான், இடது பக்கம் நீ. கன்றுக்குட்டியாக இருந்தபோதிலிருந்து அந்தப் பக்கம் அவனுக்கு உன் வாசனைதான். முன்தின இரவே வந்துவிடு. காலை ஒன்பது மணிக்கு வேகவைத்த இறைச்சியும் ஒயினும் மேசைக்கு வரும்போது நீ பக்கத்தில் இல்லாவிட்டால் நான் யாரை வம்பிழுப்பேன்?

உன் மச்சான்
சென்சோ


மாந்தோவா,
அக்டோபர் 22

திரு. வின்சென்சோ அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வெளியே போகவில்லை. போன் அடித்த மூன்று ஞாயிறும் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். பேச முடியாது என்று ஒலிம்பியாவிடம் சொன்னவன் நான். அவள் மேல் வருத்தப்பட வேண்டாம்.

நீங்கள் மறந்திருப்பீர்கள் என்பது தெரிந்ததால் எழுதுகிறேன். போன டிசம்பர் சந்தையில் பெஞ்சின் மேல் ஏறி நின்றீர்கள். மேசை விரிப்பை உருவிப் பாதிரியார் அங்கி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டீர்கள். கிண்ணத்திலிருந்து உப்பை எடுத்து இறைச்சித் தட்டுகள் மேல் தூவி, என் குரலில், என் கையசைப்போடு, "உள்ளே உயிர் இருக்கிறது என்று விசுவாசியுங்கள்" என்றீர்கள். மேசை மொத்தமும் "ஆமென்" என்றது. கிருமிப் பாதிரி என்று எனக்குப் பெயர் வைத்தீர்கள்.

நானும் சிரித்தேன். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் முகத்தை நானே பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரிக்குள் நான் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் கதவு திறக்குமுன் உள்ளேயிருந்து "ஆமென்" வந்தது. பொடி விற்பது நின்றது, அதையும் விடுங்கள். பள்ளிக்கூடத்தில் லிவியாவைப் பாதிரி மகள் என்றார்கள். பாதிரிக்கு எப்படி மகள் வந்தாள் என்று பெரிய பையன்கள் அவளிடமே கேட்டார்கள். பதினொரு வயதுப் பெண், அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கேட்டாள். பிறகு ஒரு நாள், இனிமேல் அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதாவது, உங்கள் பெயரை.

சந்தைக்கு நான் வரமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பொடியை மாடுகளுக்கு எப்படிக் கொடுத்தீர்கள்?

எத்தொரே


ரொக்கவெர்தா,
அக்டோபர் 29

எத்தொரே மாப்பிள்ளைக்கு,

மாப்பிள்ளை என்று எழுதிவிட்டு, எழுதலாமா என்று தெரியாமல் அடித்தேன். அடித்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்ததால் மறுபடி எழுதினேன். தாள் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

லிவியா விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவள் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தியபோது, வளர்ந்துவிட்டாள், இனி மாமன் வேடிக்கை பிடிக்காது போல என்று நினைத்தேன்.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. சந்தை மேசையில் நான் யாரை விட்டிருக்கிறேன்? மேயரை விட்டேனா? தெல்ஃபினாவின் அம்மாவை அவள் அடக்கத்தன்றே விடவில்லை. பெயரைச் சொன்னது ஒரு தடவை, நான். வருஷம் முழுக்கக் கூப்பிட்டது அவர்கள். இந்த ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் யார்? எங்கள் வீட்டை இன்னும் தவிடுதின்னி வீடு என்கிறார்கள். பஞ்சகாலத்தில் என் பாட்டனின் அப்பா மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாய் தவிடு அள்ளித் தின்றார், பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துவிட்டான். அவர் போய், பாட்டன் போய், அப்பாவும் போனார். பெயர் போகவில்லை. கல்லறைக் கல்லிலும் அடைப்புக்குள் செதுக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் எந்த வின்சென்சோ என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னை

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

பொடியைப் பற்றிக் கேட்டாய். எல்லாத் தீவனமும் எப்படிக் கொடுப்போமோ அப்படித்தான். ஜனவரியில் எவன் மாட்டுக்குப் பச்சைத்தண்ணீர் காட்டுவான்? கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும், தவிடும் சோளமாவும் போட்டு, உன் பொடியையும் ஒரு கை போட்டு, கட்டி விழாமல் கிளறி, தொட்டியில் ஊற்றினேன். எங்கள் தொழுவத்துக் கஞ்சியைப் பற்றி இதுவரை எந்த மாடும் புகார் சொன்னதில்லை.

சென்சோ


மாந்தோவா,
நவம்பர் 4

சென்சோ அவர்களுக்கு,

நினைத்தது சரிதான். அன்று தொழுவத்தில் இரண்டு தடவை சொன்னேன். சூட்டில் போடக் கூடாது, கஞ்சி கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு மேலே தூவ வேண்டும் என்றேன். அப்போது நீங்கள் எனக்குப் பின்னால் என் நடையை நடந்து காட்டிக்கொண்டிருந்தீர்கள். செக்கோந்தோவும் பக்கத்துத் தொழுவத்துத் தாவியோவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். மீதிப் பொடி குளிர்ந்த இடத்தில் இருந்தால் இன்னும் கெட்டிருக்காது. காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் பொடியை அப்படியே கலக்குங்கள். இன்னொன்றுக்கு, பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து ஆறவைத்து ஊற்றுங்கள். இரண்டையும் மூடி அடுப்பு ஓரமாக வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் குடித்துப் பாருங்கள்.

எத்தொரே


ரொக்கவெர்தா,
நவம்பர் 12

மாப்பிள்ளைக்கு,

பொடி மூட்டை நிலவறையில் இருந்தது. ஒயின் பீப்பாய் உருளாமல் இருக்க அண்டை கொடுத்திருந்தேன். அதற்காவது உபயோகப்பட்டதே என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். தனியாகச் செய்யவில்லை, புத்தி கெட்டவன், செக்கோந்தோவையும் தாவியோவையும் காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். பாதிரியின் அற்புதத்தைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். இரண்டு டம்ளரையும் துணி போட்டு மூடி, தட்டில் வைத்து, முழங்கால் போட்டுத் திறந்தேன்.

வேகவைத்த பொடி ஊற்றிய பால், பால் மாதிரியே இருந்தது. மற்றது கரண்டி நிற்கும்படி தயிராக உறைந்திருந்தது. ஒரு வாய் வைத்தேன். நல்ல புளிப்பு.

முழங்காலில்தான் இருந்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேரும், நான் அடுத்து என்ன செய்வேன் என்று சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தெல்ஃபினா மாவு பிசைந்துகொண்டிருந்தவள் டம்ளர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என் ரொட்டி மாவு ஈஸ்ட்ல நீ கொதிதண்ணி ஊத்தியிருந்தா அன்னைக்கே கை முறிஞ்சிருக்கும். அவன் பொடியில ஊத்திட்டு, அவனையே ஊர விட்டுத் துரத்திட்டியே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கத்தாதபோதுதான் எனக்குப் பயம்.

எட்டுக் காளைக்கும் ஒரு குளிர்காலம் முழுக்கச் செத்த பொடியைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். பெஞ்சில் ஏறி நின்று சிரித்தது அதை வைத்துத்தான்.

அன்றைக்கே மதுக்கடைக்குப் போனேன். உள்ளே போனதும் சொன்னேன், பொடியில் தப்பில்லை, நான்தான் அதை வேகவைத்துக் கொன்றேன், எத்தொரே சொன்னது முழுக்க உண்மை என்று. சிரித்தார்கள். இல்லை, நிஜமாகச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தார்கள். அழுகிற மாதிரி வந்தது எனக்கு, அதைப் பார்த்ததும் தாவியோ நாற்காலியிலிருந்தே விழுந்தான். இந்த வருஷ சந்தைக்கும் இதையே வைத்துக்கொள் என்று கடைக்காரன் ஒரு கோப்பை இனாமாக ஊற்றினான். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் ஒரே முகத்தை மாட்டிக்கொண்டு திரிந்தால் இப்படித்தான். கழற்ற வேண்டிய அன்றைக்கு அது கழலவில்லை.

மலைமேலிருந்து புதுக் கன்றுகள் ஆறு வந்திருக்கின்றன. லாரியில் வந்த மிரட்சியில் எல்லாவற்றுக்கும் கழிச்சல். இந்தத் தடவை கஞ்சியை ஆறவிட்டு, முழங்கை விட்டுப் பார்த்து, அப்புறம் பொடியைத் தூவினேன். இரண்டு கன்று இன்னும் இளைத்துத்தான் இருக்கிறது. நாலின் சாணி கெட்டிப்பட்டுவிட்டது, தொட்டியை நக்கி வைக்கின்றன. உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

சென்சோ


மாந்தோவா,
நவம்பர் 20

சென்சோ,

கடிதத்தை ஒலிம்பியா வாங்கிப் படித்துவிட்டு, மடித்து என் தட்டுக்கு அடியில் வைத்தாள்.

நீங்கள் ஊரில் இனி எனக்காக எதுவும் பேச வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் அது வேடிக்கையாகிவிடுகிறது. நல்லது சொன்னாலும் என் பெயர்தான் இன்னொரு தடவை அடிபடும். இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. லிவியா பள்ளியில் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அது போதும்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மேசையில் எழுந்து நின்று, கஞ்சியை எப்படிக் கலக்கினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அந்தப் புரோபயாடிக் பொடியைப் பற்றிக் கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை நான் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் எட்டுக் காளையும் தேறவில்லை என்றதும், ஒருவேளை இது வெறும் மாவுதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடு தொழுவம் தொழுவமாகப் போய் விற்றேன். ஆமென் என்று அவர்கள் கத்தும்போது, தெரிந்துதான் கத்துகிறார்களோ என்று கூசிப்போனேன். இப்போது நாலு கன்று தேறியது, இரண்டு தேறவில்லை என்று நீங்கள் எழுதியதைத்தான் நான் நம்புகிறேன். எல்லாம் தேறியது என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இளைத்த இரண்டையும் தனியாகக் கட்டி, நல்ல வைக்கோல் காட்டுங்கள். தவிட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

கலாந்தைத் தடவிக் கொடுங்கள்.

எத்தொரே


ரொக்கவெர்தா,
டிசம்பர் 15, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு,

பேச வேண்டாம் என்றாய். பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கோபம் வந்தால் தாளைக் கிழித்துப் போடு.

சந்தையில் எருதின் முதுகில் போர்த்துகிற துணி ஞாபகம் இருக்கிறதா, உரிமையாளன் பெயரைச் சரிகையில் தைத்து நாம் போட்டுக்கொண்டு போவோமே. இந்த வருஷம் புதிதாகத் தைக்கச் சொன்னேன். தெல்ஃபினா என்ன எழுத்து என்று கேட்டாள். சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "இது எனக்கும் ஒட்டுமே, சென்சோ. பசங்களுக்கும் ஒட்டும்" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் அடுப்பில் ஒரு விறகு வைத்தாள். பிறகு எழுத்து பெரிதாகத் தெரிய மஞ்சள் நூல் வேண்டும், கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வா என்றாள்.

இப்படித்தான் தைத்தோம்: எத்தொரே சொன்னதைக் கேட்காமல் நல்ல கிருமியை வேகவைத்தவன் சென்சோ.

வியாழக்கிழமை காலை பனிமூட்டம். வலது பக்கம் நான், இடது பக்கம் யாரும் இல்லை. தாவியோ வந்து நிற்கிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கலாந்த் இரண்டு அடி நடப்பான், இடது பக்கம் தலையைத் திருப்பி மோந்து பார்ப்பான், அந்தப் பக்கமே சாய்வான். மறுபடி இழுத்து நேராக்குவேன். சதுக்கம் முழுக்க இப்படிக் கோணல்மாணலாகவே நடந்தோம்.

முதலில் யாரும் படிக்கவில்லை. ஏதோ ஒரு குழந்தைதான் சத்தமாகப் படித்தது. சிரிப்பு ஆரம்பித்து, பாண்டு வாத்தியம் வரைக்கும் போய், எக்காளக்காரன் ஊதுவதை விட்டுவிட்டான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று. நான் ஒன்றும் செய்யவில்லை, மாப்பிள்ளை. கண்ணைச் சிமிட்டவில்லை, தொப்பியை எடுத்து ஆட்டவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை வேறெதுவும் செய்ததில்லை. நடந்தேன், அவ்வளவுதான். சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு இடத்தில் அது மாறியது. முன்னே என்னோடு சிரித்தவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தோலில் தெரிந்தது. சதுக்கத்தைச் சுற்றி வருவது இவ்வளவு தூரமா என்று இருந்தது. உனக்கு ஒரு வருஷம் அப்படி இருந்திருக்கிறது.

நடுவர் பக்கத்தில் வந்து மெதுவாக, "என்ன சென்சோ இது, யாரைக் கிண்டல் பண்றே?" என்று கேட்டார். "படிச்சுப் பாருங்க. யார் பேர் கடைசியில இருக்கோ அவனை" என்றேன்.

பரிசு கிடைக்கவில்லை. எடையில் முதல்தான், ஆனால் நடை கோணல் என்று தள்ளிவிட்டார்கள். நியாயம்தான். வண்டியில் ஏற்றும்போது கலாந்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றேன். நீ சொன்னபடி தடவியும் கொடுத்தேன், இடது பக்கம் போய் நின்று. என்னை மோந்து பார்த்துவிட்டு, நீ இல்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

மேசையில் பெஞ்சில் ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை. இறைச்சியைத் தின்றேன், உப்புக் கிண்ணத்தைத் தொடவில்லை. மாலை மதுக்கடைக்குள் போனதும் கடைக்காரன், "வாங்க சமையல்காரரே, இன்னைக்கு என்ன கிருமி அடுப்புல?" என்றான். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தெருவில் கிருமிச் சமையல்காரன் என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். தவிடுதின்னியை யாரும் இந்த மூன்று நாளாகச் சொல்லவில்லை. கிருமிப் பாதிரியையும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ரொட்டிக் கடையில் தெல்ஃபினாவைச் சமையல்காரன் பெண்டாட்டி என்றார்களாம், அவள் வந்து ரொட்டியை மேசையில் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

நேற்று இருட்டியதும் தாவியோ தொழுவத்துப் பின்பக்கமாக வந்தான். கஞ்சி எவ்வளவு ஆற வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அவன் கையைப் பிடித்து என் வாளிக்குள் முழங்கை வரைக்கும் விட்டேன். மீதியை எத்தொரேவிடம் கேள் என்றேன். முகவரி கேட்டான். உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை.

இளைத்த இரண்டு கன்றில் ஒன்று எழுந்துவிட்டது. மற்றது செத்துப்போயிற்று.

சென்சோ


மாந்தோவா,
டிசம்பர் 30

மச்சான்,

கடிதத்தை லிவியா சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தாள். எக்காளக்காரன் ஊதுவதை விட்ட இடத்தில் சிரித்தாள். கலாந்த் தலையைத் திருப்பிய இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை நீங்களே படியுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்க மாட்டோம். ஒலிம்பியாவுக்கு ஆசைதான், ஆனால் லிவியாவுக்கு இங்கே ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். தாவியோவிடம் முகவரியைக் கொடுங்கள். முழங்கை சரிதான், ஆனால் அவன் முழங்கைத் தோல் மாட்டுத் தோல், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெல்ஃபினா அக்காவிடம் நான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மஞ்சள் நூலுக்கு நன்றி என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

அடுத்த சந்தைக்கு எந்தக் கன்றை எருதாக வளர்க்கப் போகிறீர்கள்? எதுவாக இருந்தாலும் இடது பக்கம் வேறு யாரையும் நிறுத்திப் பழக்கிவிடாதீர்கள். காலியாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கடித உறையில் உங்கள் பெயரையோ தெருவையோ எழுத வேண்டாம் என்று லிவியா சொல்லிவிட்டாள். புதுப் பெயர் நிஜமாகவே ஒட்டிவிட்டதா, இல்லை மாமா கதை விடுகிறாரா என்று பார்க்க வேண்டுமாம். அந்தப் பெயரையும் ஊரையும் மட்டும் அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். வந்து சேர்ந்தால் பதில் போடுங்கள்.

எத்தொரே


ரொக்கவெர்தா,
1997 ஜனவரி 6

மாப்பிள்ளைக்கு,

வந்து சேர்ந்தது.

தபால்காரன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேற்று பூசை முடிந்து ஊரே கோயில் வாசலில் நிற்கும்போது, படியில் ஏறி நின்று உறையைத் தூக்கிப் பிடித்து, "கிருமிச் சமையல்காரன், ரொக்கவெர்தா. யாருப்பா அது?" என்று கத்தினான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், எங்கள் பாதிரியார் உட்பட. காது வரைக்கும் எரிந்தது.

கையைத் தூக்கினேன்.

உறையை வாங்கும்போது லிவியாவின் கையெழுத்தைப் பார்த்தேன். நன்றாக, அழுத்தி எழுதியிருக்கிறாள். பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது, பக்கத்தில் உன் குடும்பப் பெயர், என்னுடையது இல்லை.

கழிச்சலிலிருந்து எழுந்த அந்தக் கன்றைத்தான் வைத்துக்கொள்கிறேன். இன்று காலை அதை வெளியே கொண்டுவந்து முற்றத்தில் நடக்கப் பழக்கினேன். வலது பக்கம் மட்டும்.

உன் மச்சான்
சென்சோ